இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள்

‘மனுதாரர் தன் மைனர் மகளை மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை பார்த்துக்கொள்ளலாம்.’ தென்மாவட்ட நகரம் ஒன்றின் குடும்ப நல நீதிமன்றம் போட்ட முதல் இடைக்கால உத்தரவில் இந்த விஷயத்துக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதான். எந்த இடத்தில் பார்ப்பது, யார் கொண்டுவந்து விடுவது, வர முடியாத வாரம் எத்தனை நாள் முன்னால் சொல்வது, கூட யார் வரலாம், நடுவில் போனில் பேசலாமா, எதுவும் அதில் இல்லை. இரு தரப்பு வக்கீல்களுக்கும் அது அன்றாடம் வாங்கும் உத்தரவு. குழந்தையின் தாயான அவளுக்கோ, எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் மனுதாரரான கணவன் உள்ளே நுழையும் வழியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ‘நாளைக்கு இடம் மாத்தணும், போன எடு.’ எடுக்காவிட்டால் விடிய விடிய மிஸ்டு கால். எடுத்தால் முதல் நிமிடம் குழந்தையைப் பற்றி, மீதி நேரமெல்லாம் அவளைப் பற்றி. இப்போது எத்தனை மணிக்கு வேலை விட்டு வருகிறாள், அண்ணன் வீட்டு வாசலில் நின்ற பைக் யாருடையது, புதுச் சேலைக்கு எங்கிருந்து காசு. எந்த விசாரணையிலிருந்து தப்பி வந்தாளோ, அதே விசாரணை மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கியிருந்தது.

அவன் அடித்தது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. அவளுடைய சம்பள ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில் இருந்ததும் தெரியாது. காய் வாங்கப் போனால்கூட பில்லில் உள்ள நேரத்தையும் வீடு வந்து சேர்ந்த நேரத்தையும் அவன் ஒப்பிட்டுப் பார்ப்பான். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு ராத்திரி அவளையும் பள்ளிக்கூடப் பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த சில வாரங்களில் அவன் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ் மனுப் போட்டான். 1890-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த அந்தச் சட்டத்தில் போடும் மனுவை வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். தடுப்பூசி போட ஒரு நாளும் கூட வராதவன், ‘மகளைப் பிரிந்து ஊண் உறக்கமின்றித் தவிக்கும் தந்தை’ என்று அதில் எழுதியிருந்தான்.

இது அவள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில் 1980-களில், அடிபட்ட பெண்களிடம் பேசி, கணவன்மார் கையாளும் வழிகளை ஒரு சக்கரப் படமாக வரைந்தார்கள். அதன் ஆரங்களில் ஒன்று, குழந்தைகளைப் பயன்படுத்துவது. குழந்தையிடம் சேதி சொல்லி அனுப்புவது, பார்க்க வரும் நேரத்தை வைத்து அவளைத் தொல்லைப்படுத்துவது, குழந்தையைப் பறித்துக்கொள்வேன் என்று மிரட்டுவது எல்லாம் அந்த ஒரு ஆரத்தின் கீழ் வரும். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, எங்கோ குளிர்தேசத்துப் பெண்கள் தன் வாட்ஸ்அப்பைப் பார்த்து எழுதியது போல அவளுக்கு இருந்தது.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2005-ல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விட குற்றவியல் நடுவருக்கு அதிகாரம் தருகிறது. எதிர்மனுதாரர் குழந்தையைப் பார்க்க ஏற்பாடும் செய்யலாம். ஆனால் அந்தச் சந்திப்பு குழந்தையின் நலனுக்குத் தீங்காகலாம் என்று நடுவர் கருதினால், அதை மறுத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், டி.வி. எனப்படும் குடும்ப வன்முறை கேஸ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நடந்தது. குழந்தை கேஸ் குடும்ப நல நீதிமன்றத்தில். இரண்டும் ஒரே வளாகம், வேறு வேறு மாடி. அவளை நெருங்கக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்று கீழ்மாடியில் 18-ஆம் பிரிவின்படி பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தார்கள். மேல்மாடி வழக்குக் கட்டில் அந்த உத்தரவின் நகல் இல்லை. ஒரு கோர்ட் நெருங்காதே என்கிறது, இன்னொரு கோர்ட் மாதம் இரண்டு முறை நேருக்கு நேர் நிற்க வைக்கிறது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் ஆல் உமன் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது, “புள்ளையப் பாக்கத்தான வந்தாருன்னு சொல்றாரும்மா” என்று சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது மட்டும் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

புது வக்கீல் கிடைத்தது சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பல பெண்களுக்கு இது தெரிவதில்லை. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்த வக்கீலை அவள் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அக்கா முதல் நாளே கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். “கோவத்த எழுதாதீங்க. மணிய எழுதுங்க.”

அந்த நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும். ‘10.40-க்கு வந்தார். கூட அவர் அம்மா, சித்தப்பா மகன். 11.20-க்கு பாப்பாவை வெளியே கூட்டிப் போகணும் என்றார். கோர்ட் அட்டெண்டர் கூடாது என்றார். சத்தம் போட்டார். 11.35-க்குக் கிளம்பினார். பாப்பா டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. ராத்திரி வயிற்று வலி என்றாள்.’ கெட்டவன், கொடுமை, அநியாயம் என்ற சொற்கள் எங்கும் இல்லை. பிற்பாடு நீதிபதி நெடுநேரம் பார்த்தது இந்த நோட்டைத்தான். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாகப் பிரிண்ட் போட்டு வைத்தாள். செல்போனில் உள்ளதைச் சாட்சியமாக்க அதற்குரிய சான்றிதழ் வேண்டும். முன்பு எவிடன்ஸ் ஆக்டின் 65-பி பிரிவில் இருந்த அந்த விதி, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது.

சந்திப்பு இடம் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம். கோர்ட் வளாகத்தில் குழந்தைகளுக்கென்று இருந்த ஓர் அறையில்தான் அது நடந்துவந்தது. சுவரில் முயலும் மயிலும் வரைந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், சக்கரம் கழன்ற இரண்டு பொம்மைக் கார்கள். அந்த அறைக்கு ஒரே வாசல். உள்ளே போக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. ஒரு வருஷம் போனதும் கோர்ட் ஆலோசகர் சொன்னார். “கோர்ட்டுக்குக் கொழந்த எதுக்கும்மா? கோயில்ல, பார்க்குல வெச்சுப் பாத்துக்குங்களேன். நாலு பேர் இருக்கிற எடம்தான?” உறவிலும் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. என்ன இருந்தாலும் பெத்த அப்பன் என்று அவள் அம்மாவே சொன்னார்.

நாலு பேர் இருக்கிற இடம் என்பதை அவளால் ஏற்க முடியாததற்குக் காரணம், ஆஸ்திரேலியாவில் ரோஸி பேட்டி என்ற தாய்க்கு நேர்ந்தது. மெல்போர்ன் அருகே டையாப் என்ற சிற்றூர். தந்தைக்கு எதிராக கோர்ட் உத்தரவு இருந்தது, ஆனால் பொது இடத்தில் விளையாட்டின்போது மகனைப் பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. 2014 பிப்ரவரி 12 அன்று, மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் இருந்த கிரிக்கெட் பயிற்சி மைதானத்தில் 11 வயது மகன் லூக்கை அந்தத் தந்தை கொன்றான். ஸ்பெயினில் ஆங்கேலா கொன்ஸாலெஸ் கரேனியோ, கணவன் மேல் முப்பதுக்கும் மேற்பட்ட புகார்கள் கொடுத்திருந்தார். மேற்பார்வை இல்லாத சந்திப்புக்கு கோர்ட் அனுமதித்தது. 2003-ல் அப்படி ஒரு சந்திப்பில் 7 வயது ஆந்திரேயாவை அவன் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டான். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இதில் ஸ்பெயின் அரசு கடமை தவறியது என்று 2014-ல் சொன்னது. 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்று 6 லட்சம் யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அம்மா உயிரோடு இருந்தார். மகள் இல்லை.

எல்லா அப்பாவும் இப்படிச் செய்வதில்லை, பெரும்பாலோர் செய்ய மாட்டார்கள். அவளும் தன் மகளின் அப்பா கொலை செய்வான் என்று எந்த மனுவிலும் எழுதவில்லை. அவள் கேட்டது, முன்னால் நடந்த அடியை கோர்ட் முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு நேரம் ஒதுக்கட்டும் என்பது. பிரிட்டனில் நீதித்துறை அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு 2020-ல் கண்டதும் இதுதான். எப்படியாவது சந்திப்பு நடந்தாக வேண்டும் என்ற மனப்போக்கு குடும்ப நீதிமன்றங்களில் ஊறியிருப்பதால், வன்முறை பற்றிய பேச்சு ஓரத்துக்குப் போய்விடுகிறது என்று அந்தக் குழு எழுதியது.

அவன் தரப்பு வக்கீல் யஷிதா சாஹு வழக்கின் தீர்ப்பை எடுத்து வைத்தார். உச்ச நீதிமன்றம் 2020-ல் தந்தது. தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தைக்கு உரிமை என்று சொல்கிறது. அக்கா அதே தீர்ப்பை வேறு பக்கத்தில் திறந்தார். ஒரு பெற்றோருக்குச் சந்திப்பை அடியோடு மறுப்பதானால் காரணம் எழுத வேண்டும் என்று அதில் உண்டு. வீடியோ கால் மூலம் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் உண்டு. “நாங்க மறுக்கச் சொல்லல. எப்படின்னு எழுதச் சொல்றோம்,” என்றார் அக்கா. கீழ்மாடிப் பாதுகாப்பு உத்தரவின் நகலை மேல்மாடி வழக்குக் கட்டில் சேர்த்ததும் அன்றுதான். இரண்டு மாடிக்கும் பாலம் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அதே நிவாரணங்களை குடும்ப நல நீதிமன்றத்திலும் கேட்க வழி செய்கிறது.

அந்த வாதத்துக்கு வேகம் கொடுத்தது ஒரு கைக்கடிகாரம். பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்தது, ஊதா நிறம், திரையில் பூனைப் படம். மகள் தூங்கும்போதும் கழற்றவில்லை. மகளை அதட்டாமல், அண்ணன் மகன் விளையாட்டுப் போல வாங்கிப் பார்த்தான். பின்பக்கம் சிம் போடும் இடம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவன் போனில் வரைபடம் காட்டும். அந்த எண்ணுக்கு அவன் அழைத்தால், மணி அடிக்காமலே இந்த வீட்டில் பேசுவது அங்கே கேட்கும். ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள இத்தகைய குழந்தைக் கடிகாரங்களை ஜெர்மனி 2017 நவம்பரில் தடை செய்தது. நம் ஊரில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். கொடுத்தது அப்பா என்பதால் மகள் கையிலிருந்து பிடுங்க அவள் மனம் ஒப்பவில்லை. சிம்மை மட்டும் எடுத்து ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி அக்காவிடம் கொடுத்தாள். கடிகாரம் மணி காட்டிக்கொண்டு மகள் கையிலேயே இருந்தது.

திருத்திய உத்தரவு மூன்று பக்கம் வந்தது. சந்திப்பு கோர்ட் அறையில் மட்டும், ஆலோசகர் உள்ளே இருக்க வேண்டும். குழந்தையைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் தாய்மாமன். சிம், கேமரா, இன்டர்நெட் உள்ள எந்தப் பொருளும் பரிசாகக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய சந்திப்பு ரத்து. வர முடியாவிட்டால் 48 மணி நேரம் முன்னால் மெயில், மெயில் மட்டும். கூட வரலாம் என்று பெயர் எழுதியிருந்தது ஒரே ஒருவருக்கு, மகளின் அப்பத்தா.

அந்தப் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டது அவள்தான். மகளுக்கு அப்பத்தா மேல் உயிர். அந்த அம்மாளும் மகன் கைநீட்டியதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இடுப்பில் முறுக்குப் பொட்டலம் செருகிக்கொண்டு தவறாமல் வருவார். ஒருமுறை படிக்கட்டில் மாமனிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாராம். “அவன் கொரலு ஏறுச்சுன்னா நான் பிள்ளைய வெளிய கூட்டியாந்துருவேன். நீங்க பயப்படாதீக.” சொன்னபடி இரண்டு தடவை செய்தும் காட்டினார். மேற்பார்வை என்று காகிதத்தில் எழுதியதை அங்கே உண்மையாகச் செய்தவர் அவர்.

உத்தரவு வந்ததும் மெயில் வழியாகவும் அவன் அவளைச் சீண்டிப் பார்த்தான். நீளமான மெயிலில் நாலு பத்தி வசவும் ஒரு கேள்வியும் இருக்கும். அவள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதினாள். ‘ஆம். பரீட்சை 14-ஆம் தேதி முடிகிறது.’ பதிலை இரவில் எழுதி, காலையில் படித்துப் பார்த்து அனுப்புவாள். டெர்ம் மார்க் ஷீட் வந்தால் அதன் நகலை அவன் கேட்காமலே அனுப்பிவிடுவாள். மகளின் படிப்பு அப்பாவுக்குத் தெரிவது மகளுக்கு நல்லது என்று அவள் நினைத்தாள். பள்ளியைச் சுற்றிக்கொண்டு நிற்க அவனுக்குக் காரணம் இல்லாமலும் போயிற்று. பள்ளியில் உத்தரவின் சர்டிஃபைடு நகல் ஒன்று கொடுத்து, யார் வந்து கேட்டால் குழந்தையை அனுப்பலாம் என்று ஃபோட்டோவுடன் எழுதியும் கொடுத்திருந்தாள். வாட்ச்மேன் வரை அது போய்ச் சேர்ந்ததா என்று அவளே கேட்டில் நின்று பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் வைத்த விதி கடினமானது. சனிக்கிழமை திரும்பி வரும் மகளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அப்பா என்ன சொன்னார், என்ன கேட்டார், யாரைத் திட்டினார், எதுவும். மாமன் பைக்கில் கூட்டி வருவார், வழியில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுப்பார், வந்ததும் குளியல், சாப்பாடு. மகள் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். “அப்பா நல்லாப் பாடுனாரும்மா” என்றால், “அவருக்குக் கொரல் நல்லாருக்கும்” என்பாள். அது உண்மை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு காலத்தில் அவளும் மயங்கினாள். மகளுக்கு அப்பா மேல் பிரியம் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் மகளுடையவை. அம்மாவுக்காக ஒன்றை ஒளித்து, அப்பாவுக்காக இன்னொன்றை ஒளிக்கும்படி ஒரு குழந்தையை வைப்பதைவிடப் பெரிய பாரம் இல்லை.

அப்படியிருந்தும், குழந்தை மனதைக் கெடுத்துவிட்டாள் என்று அவன் மனுப் போட்டான். அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985-ல் கிளப்பிய அந்த வாதம் இன்று உலகெங்கும் கோர்ட்டுகளில் சுற்றுகிறது. வன்முறையைச் சொல்லும் தாய்மார் மேலேயே அது திருப்பி வீசப்படுகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023-ல் மனித உரிமை மன்றத்தில் எச்சரித்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2024-ல் ஒரு ராணுவ அதிகாரியின் குழந்தைகள் பற்றிய வழக்கில், எடுத்த எடுப்பில் ஒரு பெற்றோரைக் குழந்தை மனதைக் கெடுத்தவர் என்று முத்திரை குத்த வேண்டாம் என்றது. அக்கா அந்தத் தீர்ப்பைத் தாக்கல் செய்தார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, புதிதாக வந்த நீதிபதி அவளைத் தனியே சேம்பருக்குக் கூப்பிட்டுப் பேசினார். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று அந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. அத்தனை வருஷத்தில் அதுவரை யாரும் கேட்கவில்லை. மகள் சொன்னதை நீதிபதி உத்தரவில் எழுதினார். அப்பாவைப் பார்க்கணும். ஆனால் அம்மாவைப் பற்றி அவர் கேட்கக் கூடாது. சனிக்கிழமை சிலம்பம் கிளாஸ் இருக்கிறது, அதை விட முடியாது. அப்பத்தாவோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசணும்.

வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதிய எல்லாவற்றையும்விட இது தெளிவாக இருந்தது. இப்போது மாதம் ஒரு நேர்ச் சந்திப்பு, வாரம் ஒரு வீடியோ கால். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அழைப்பைத் துண்டிக்க மகளுக்கு உரிமை உண்டு என்று உத்தரவிலேயே இருக்கிறது. இரண்டு முறை துண்டித்திருக்கிறாள். மூன்றாவது முறை அவன் கேட்கவில்லை.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே சந்திப்பு மையங்கள் உண்டு. பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் இன்னொருவர் வருவார், இரண்டு வாசல் இருக்கும். அவள் ஊரில் அந்த முயல் மயில் அறைக்கு இன்னும் ஒரே வாசல்தான். சனிக்கிழமைகளில் வேறு பெண்கள் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை மாமன் வந்து சொல்லுவார். போன மாதம் அவள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள். இன்னொரு வாசல் கேட்கவில்லை, அதற்குக் கட்டடம் வேண்டும், பணம் வேண்டும். குழந்தையைக் கொண்டு விடுபவர் கிளம்பிய பிறகு மற்றவரை உள்ளே விடவும், சந்திப்பு முடிந்ததும் அவரைக் கால் மணி நேரம் உட்கார வைக்கவும் அட்டெண்டருக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது, அக்காவையும் கூட்டிக்கொண்டு செயலாளரை நேரில் பார்த்துக் கேட்கப் போகிறாள்.